அசெம்பிளி பாயிண்ட்டில் ஒரு வாழை

இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. இந்த மேசைக்கு அடியிலேயேகூட இருக்கலாம். ஒன்பது வருஷமாக அதன் மேல் நின்றுகொண்டு வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நிலம் போனதில்கூட ஆச்சரியமில்லை. எல்லாருக்கும்தான் போனது. கேட்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

இப்படி நினைத்துக்கொண்டே இசைவாணி கையிலிருந்த வயர் கட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். கார்களுக்கு வயரிங் செய்துகொடுக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. லைனில் பெண்கள் டேப் சுற்றி அனுப்பும் கட்டுகளை அவள் மேசையில் பரப்பிப் பார்ப்பாள். கிளிப்புகள் சரியாக உட்கார்ந்திருந்தால் பச்சைத் தொட்டி. இல்லையென்றால் என்.ஜி. என்று சீட்டு எழுதிக் கட்டிச் சிவப்புத் தொட்டி. கான்ட்ராக்ட் வேலைதான். ஆனாலும் அவள் கண்ணைத் தாண்டி ஒரு கோணல் வெளியே போகாது என்று சூப்பர்வைசரே சொல்வார்.

"யக்கா, வயர பாக்கியளா, தரைய பாக்கியளா?" என்றாள் பக்கத்து மேசை வேல்விழி. தென்காசிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருப்பவள்.

"தரையத்தான்."

"தரையில என்ன கெடக்கு?"

"என் நிலம்."

வேல்விழி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்க மாமா ஒருத்தரும் இப்படித்தான், திருச்செந்தூர் கடல தனக்கு எழுதி வச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டு அலைவாரு. சோத்து நேரத்துக்கு மட்டும் கரெக்டா வீட்டுக்கு வந்துருவாரு."

"நெசமாத்தான் சொல்றேன். நாப்பத்திரண்டு சென்ட்டு."

"அப்ப எனக்கு ஒரு சென்ட்டு குடுங்க. ஹாஸ்டல் வாடகையாவது மிஞ்சும்."

அந்த நாற்பத்திரண்டு சென்ட்டைப் பற்றி இசைவாணிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிள்ளைப்பாக்கத்தை அடுத்த சிற்றூர் அவளுடையது. அப்பா சுப்பராயன் மேடைகளில் பகுத்தறிவு பேசிய கட்சிக்காரர். மகனுக்குப் பகலவன், மகளுக்கு இசைவாணி என்று அவர் வைத்த பேர்களிலேயே அது தெரியும். அவள் கல்யாணத்தின்போது ஏரிக்கால்வாயை ஒட்டியிருந்த ஒரு துண்டை அவள் பேருக்கு எழுதினார். ஊரில் அதை மஞ்சக்காணி என்பார்கள். மஞ்சளுக்கும் குங்குமத்துக்குமென்று பிறந்த வீடு பெண்ணுக்குக் கொடுக்கிற நிலம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யாரோ அப்படிச் சொன்னதற்கு அப்பா கோபித்துக்கொண்டார். "மஞ்சளாவது காணியாவது. இது அவளோட சொத்துரிமை." அம்மா தாயாரம்மாள் வெயிலில் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "எந்தப் பேர்ல சொன்னா இன்னா, மொதல்ல எழுதிக் குடு" என்றாள்.

எழுதிக் கொடுத்த ஆறாம் மாதம் அப்பா இறந்தார். அதற்கடுத்த வருஷம் தொழிற்பேட்டைக்காக அந்த வயல் வரிசை முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. ஒரு மாலை அண்ணன் பகலவன் மூன்று காகிதங்களோடு அவள் புகுந்த வீட்டுக்கு வந்தான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் விரல் வைத்துக் காட்டிய மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குழம்பைக் கிளறினாள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு அண்ணன் மாடி எடுத்துக் கட்டினான். மாடியில் ஆறு அறைகள், தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு. கீழ்வீட்டில்தான் இசைவாணியின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இவள் ஷிப்ட் முடியும்வரை இருக்கிறாள். அண்ணி கையால் சாப்பிடுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள். இதை வைத்துப் பார்க்கும்போது கேட்காமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றும்.

கேள்வி வந்தது ஊரடங்கு காலத்தில். கம்பெனி மூடிக் கிடந்தது. அவள் கணவன் நாகப்பன் ஓட்டும் கம்பெனி பஸ், தெருமுனையில் சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் போனில் குறுஞ்செய்தி வந்தது: கணக்கில் இரண்டாயிரம் வரவு. கம்பெனிதான் மனம் இரங்கிவிட்டது என்று முதலில் நினைத்தாள். மறுபடி படித்தபோது, நோய்த்தொற்றுக் காலத்தில் விவசாயிகளுக்கான உதவித்தொகை என்று இருந்தது. தப்பாக வந்த பணத்தைத் தொட்டால் வம்பாகுமோ என்று அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"உனக்கும் வந்துச்சா?" என்றான் பகலவன். "நான்தான் மனு குடுத்தேன். பட்டால கீறவங்க ஆதாரெல்லாம் வாங்கி, ரத்தினம் பிரவுசிங் சென்டர்ல போட்டுட்டேன். சித்தப்பா பசங்க ரெண்டு பேருக்கும் வந்துடுச்சாம்."

"நமக்கு எங்கண்ணா நிலம் கீது?"

"கம்ப்யூட்டர்ல கீது. பட்டா இன்னும் மாறல. மொதல் பேரே உன்னுதுதான்."

"அப்ப கம்பெனி எது மேல நிக்குது?"

"வந்த துட்ட செலவு பண்ணத் தெரியலன்னா எனக்கு அனுப்பிடு. மாடியில ஒரு ரூம் பாக்கி இல்லாம காலி. பசங்கெல்லாம் ஊருக்கு ஓடிட்டானுங்க. லோனு மட்டும் ஓடாம நிக்குது."

அவள் அரிசி வாங்கினாள், காஸ் வாங்கினாள். ஆனால் அந்தச் செய்தியை அழிக்கவில்லை. மகள் தூங்கும் பகல் நேரங்களில் அதை எடுத்துப் பார்ப்பாள். விவசாயி. பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயதுவரை அதே வயலில் நாற்று நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள், களத்தில் தூற்றியிருக்கிறாள். அப்போது அப்பா விவசாயி, சித்தப்பா விவசாயி. அவள் 'நம்ம பொண்ணு'. இப்போது, நிலத்துக்கு மேல் தகரக் கூரை வந்து பத்து வருஷமான பிறகு, எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இசைவாணி என்ற பேரில் ஒரு விவசாயி இருக்கிறாள். அவள் என்ன போடுவாள்? நெல்லா, கடலையா? கால்வாயில் தண்ணீர் வராத வருஷம் என்ன செய்வாள்? யாரைத் திட்டுவாள்? அந்தப் பெண்ணை நினைத்துப் பார்ப்பதில் துக்கம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவளை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

பணம் நான்கு மாதத்துக்கு ஒரு முறை, எட்டுத் தடவை வந்தது. பிறகு நின்றது. கம்பெனி திறந்து, மாடி அறைகளும் நிறைந்து, எல்லாரும் மறந்துபோனார்கள். இந்த ஆவணி மாதம் நோட்டீஸ் வந்தது. உதவித்தொகை பெற்றவர்கள் நிலத்தில் உண்மையில் சாகுபடி செய்கிறார்களா என்று சரிபார்க்கப் போகிறார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் முகாம்.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு அண்ணனும் தங்கையும் சேர்ந்து போனார்கள். வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருந்த இளம்பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாவில் முதல் பேராக இருப்பவர் நிலத்தில் பயிருக்கு முன்னால் நிற்க வேண்டும். இடமும் நேரமும் படத்திலேயே விழுகிற மாதிரி போனில் படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தோடு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"மொதல் பேரு யாரு?" என்று கேட்டாள்.

பகலவன் இசைவாணியின் முதுகைத் தொட்டு முன்னால் தள்ளினான்.

"பயிர் இருக்காக்கா?"

"இப்ப இல்ல மேடம். மழை பெஞ்சதும் வெச்சிடுவோம்," என்றான் பகலவன்.

"நான் அவங்கள கேட்டேன்."

இசைவாணி குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைக்கருகில் இரண்டு அடுக்கு படிவங்கள் இருந்தன. "அது இன்னா, இன்னொண்ணு?" என்று கேட்டாள்.

"அது சாகுபடி இல்லாதவங்களுக்கு. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கினத திருப்பிக் கட்டணும். தவணையில கட்டலாம். முதல் பேர்ல இருக்கவங்க எழுதிக் குடுக்கறதுதான் அந்தப் பட்டா முழுசுக்கும். பாத்து எழுதுங்க."

"ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க."

வெளியே வந்ததும் பகலவன், "அது எதுக்கு வாங்கின?" என்றான்.

"படிக்க."

அவன் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் அதன் மேல் உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னான். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனிக்குள் குடும்பத்தை விடுவார்கள் இல்லையா. அன்று போனில் கேமராவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள் இல்லையா. "உள்ள எங்கயாச்சும் நாலு செடி கொடி இருக்கும்ல. அது முன்னாடி நின்னு ஒரு போட்டோ. இடம் நம்ம நிலம்தான். போன்ல நம்ம நிலம்னுதான் விழும். அதுல இன்னா பொய் கீது?"

அதில் என்ன பொய் இருக்கிறது என்று அவளுக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டது அதுவல்ல. அண்ணன் சொன்ன 'நம்ம நிலம்' உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது? அன்றிலிருந்துதான் அவள் தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ரத்தினம் கடையில் காசு கொடுத்து, வயல்களின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம் ஒன்றை எடுத்து வாங்கினாள். சர்வே எண் நூற்று நாற்பத்து மூன்று. அதற்குள் கோடுகள், கோடுகளின் மேல் மீட்டர் கணக்கு, நடுவில் 2பி என்று அவளுடைய துண்டு. முப்பத்து நான்குக்கு ஐம்பது. காகிதத்தில் அது ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. ஒரு மூலையில் கால்வாய் முழங்கை போல மடங்கும் இடத்தில் சின்ன வட்டம் போட்டிருந்தது. அதுதான் எல்லைக் கல். அந்த மடிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கேன்டீனுக்குப் போகும் வழியில், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சுவரில் மாட்டியிருக்கும் கம்பெனி வரைபடத்தின் முன்னால் நின்றுவிட்டாள். காம்பவுண்டுச் சுவர் பின்பக்கத்தில் அதே மாதிரி முழங்கையாக மடங்கியிருந்தது. கால்வாயை ஒட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கல் போனாலும் மடிப்பு போகவில்லை.

தன்னுடைய ஓர் எட்டு எவ்வளவு என்று மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலால் அளந்தாள். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மறுநாள் டீ இடைவேளையில் வேல்விழியைக் கூட்டிக்கொண்டு சுவர் மடிப்புக்குப் போனாள்.

"நான் நடக்கேன், நீ எண்ணு. நடுவுல பேச்சு குடுக்காத," என்றாள்.

"யக்கா, இப்பம் நீங்களே என்னைய மாதிரி 'நடக்கேன்'னு பேசுதீய."

"பேச்சு குடுக்காதன்னு சொன்னேன்."

கல்லிலிருந்து அவள் துண்டுவரை புலப்படத்தில் போட்டிருந்த மீட்டர் கணக்குக்குக் கிழக்கே தொண்ணூற்றெட்டு எட்டு. பழைய மரப்பெட்டிகள் அடுக்கிய இடத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுற்றியதைக் கழித்து மறுபடி நடந்தார்கள். செக்யூரிட்டி ஒருவர் நிழலிலிருந்து எழுந்து வந்தார். "இன்னாம்மா, இங்க இன்னா வாக்கிங்?"

"அக்காவுக்கு சுகரு," என்றாள் வேல்விழி உடனே. "டாக்டரு எண்ணி எண்ணி நடக்கச் சொல்லிருக்காரு."

"எனக்கும் கீது சுகரு. நின்னுகினேதான் கீறேன்," என்றார் அவர், திரும்பி நிழலுக்குப் போனார்.

தொண்ணூற்றெட்டில் நின்றாள். காலடியில் டூவீலர் ஸ்டாண்டின் கடைசி வரிசை. அங்கிருந்து ஐம்பத்தைந்து எட்டு அகலம், எண்பத்தொரு எட்டு நீளம். ஒரு பாதி, பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகள் போகும் சிமென்ட் பாதை. மறுபாதி புல்தரை. புல்தரை நடுவில் பச்சைப் பலகை. நான்கு மூலையிலிருந்தும் அம்புகள் நடுவிலிருக்கும் மனிதர்களை நோக்கிப் பாய்வது போலப் படம். அசெம்பிளி பாயிண்ட். ஆபத்து என்றால் எல்லாரும் ஓடிவந்து நிற்க வேண்டிய இடம்.

"ஆத்தீ," என்றாள் வேல்விழி. "தை மாசம் டிரில்லு வச்சாவள்ளா, அப்பம் நாம அறுநூறு பேரும் ஒங்க நெலத்துலயா நின்னோம்?"

நின்றிருந்தார்கள். வரிசையில் நிற்க வைத்துத் தலையெண்ணினார்கள். தன் முறை வந்தபோது இசைவாணி நாற்பத்தேழு என்று சத்தமாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இங்கேயேதான், இதே புல்லில். நிலத்தைக் கண்டுபிடித்தால் நெஞ்சுக்குள் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. காலைச் செருப்பிலிருந்து எடுத்துப் புல்லில் வைத்தாள். தண்ணீர் தெளித்திருந்தார்கள், ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு சிரிப்பு வந்தது. வெகுநேரம் நிற்காமல் வந்தது. வேல்விழியும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள்.

புல்தரைக்கு அப்பால், சுவரோரமாக, தோட்டக்காரர் வைத்த வாழை ஒன்று நான்கைந்து கன்றுகளோடு நின்றது. தார் விட்டிருந்தது. அண்ணன் கேட்ட செடி கொடி இதுதான் என்று நினைத்துக்கொண்டு எல்லையிலிருந்து அதுவரை நடந்து பார்த்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டி ஆறு எட்டு. வாழை அவள் துண்டில் இல்லை. புலப்படத்தை எடுத்துப் பார்த்தாள். 2ஏ. அது பகலவனுடைய பங்கு.

அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முதல் படிவத்தைப் படித்தாள். நான்கே வரிகள். 'மேற்படி நிலத்தில் நான் பயிர் செய்துவருகிறேன்' என்பது மூன்றாவது வரி. அந்த 'நான்' என்ற சொல்லுக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவாள். எழுதியவர் யாரோ, அதில் பேசுவது மட்டும் இசைவாணி. அன்றைக்கு அந்த மூன்று காகிதங்களிலும் இப்படி ஒரு 'நான்' இருந்திருக்கும். அந்த நான் என்ன சொன்னாள்? எதற்குச் சம்மதித்தாள்? யாரிடம் கொடுக்கச் சொன்னாள்? குழம்பு அடிப்பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த இவளுடைய வாயால் அவள் எவ்வளவு பேசியிருப்பாள். இசைவாணிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளை ஒரு முறை சந்திக்க வேண்டும் போலிருந்தது.

ஆயுத பூஜை அன்று கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். பகலவன் வெள்ளைச் சட்டையில், செய்தித்தாள் சுற்றிய நீளமான ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். செக்யூரிட்டி பிரித்துப் பார்த்தார். கழுவித் துடைத்துப் பொட்டு வைத்த மண்வெட்டி.

"இது எதுக்கு?"

"ஆயுத பூஜைன்னு சொல்லிட்டு ஆயுதம் இல்லாம எப்படி சார் வர்றது?"

அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். லைன் லீடரும் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வயர் முனைகளை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்பிங் மெஷினின் பக்கத்தில் சாத்தி, அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். பையன்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்து செல்பி எடுத்தார்கள்.

"அண்ணாச்சி, இது எந்த லைன் மெஷினு?" என்று கேட்டாள் வேல்விழி. "ஓ.டி. ஓட்டுனா டபுள் சம்பளம் உண்டுமா?"

"இத ஓட்டுனவன் எவனும் சம்பளமே பாக்கலம்மா," என்றான் பகலவன். நன்றாகப் பேசத் தெரிந்தவன். வேல்விழிக்கு அவனைப் பிடித்துவிட்டது. பொரிப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கூட்டம் பூசணிக்காயின் பக்கம் நகர்ந்ததும் அண்ணனும் தங்கையும் பின்பக்கம் போனார்கள். புல்தரையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "வாழையே கீதே. தாரோட கீது. இதுக்கு மேல இன்னா வேணும்?" போனை எடுத்து, இடம் காட்டும் செயலியைத் திறந்து, சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தான். மண்வெட்டியை அவளிடம் கொடுத்தான். "தோள்ல வெச்சிக்க. ஜல்தி. அது முன்னாடி நில்லு."

"அது உன் பங்குண்ணா."

"இன்னாது?"

"வாழை நிக்கற இடம் உன்னுது. என்னுது அந்த பச்சை போர்டு பக்கம். இந்தப் பக்கம் இதோ, இங்க முடியுது." செருப்பு முனையால் புல்லில் ஒரு கோடு இழுத்தாள்.

அவன் அவள் காலைப் பார்த்தான். "யார் சொன்னா?"

"நடந்து பாத்தேன்."

"நடந்து பாத்தியா." அவன் புல்தரையை, சிமென்ட் பாதையை, சுவரை மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். பதினைந்து வருஷம் கழித்து முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எது எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்ப நம்ம வயல் மோட்டார் ரூம்?" என்றான்.

"அந்த தண்ணி டேங்குக்கு அந்தாண்ட. நானும் அதத்தான் தேடினேன்."

கொஞ்ச நேரம் அவர்கள் இருவரும் ஒரே விதமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கும் இந்த ஆர்வம் உண்டு என்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு முன்பக்கத்தில் பட்டாசு வெடித்தது. அவன் போனை உயர்த்தினான்.

"சரி, எல்லாம் ஒண்ணுதான். அண்ணன் தங்கச்சிக்குள்ள இன்னா பங்கு. நில்லு. போர்டு தெரியுது, கொஞ்சம் லெப்ட்ல தள்ளு."

அவள் இடது பக்கம் நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தாள்.

"போதும். போதும்னு சொல்றேன் இல்ல. எங்க போற?"

நகர்ந்து நகர்ந்து அவள் அவன் பக்கத்துக்கே வந்திருந்தாள், அங்கிருந்து அவனுடைய போன் திரை தெரிந்தது. அதில் வாழை மட்டும் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இடமும் நேரமும் ஓடின.

"அண்ணா, அன்னிக்கு மூணு காயிதம் எடுத்துகினு வந்தியே. அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

"எந்தக் காயிதம்?"

"நிலம் எடுக்கும்போது. நான் கொழம்பு வெச்சிகினு இருந்தேன்."

அவன் போனை இறக்கினான். "சர்க்கார் எடுத்துக்கறான், சம்மதம்னு போட்டிருக்கும். நஷ்ட ஈட்டுத் துட்ட வாங்கிக்க எனக்கு அதிகாரம் குடுக்கறேன்னு போட்டிருக்கும். எனக்கு இப்ப ஞாபகம் கீதா? நானே முழுசா படிக்கல வாணி. நாப்பது பேரு கியூவுல நின்னோம்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "அத இப்ப கேக்கறியே. வேணும்னா உட்காந்து பேசலாம். நான் எங்கயும் ஓடிப் போகல."

"சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சிக்கத்தான்."

"தெரிஞ்சிகினு? நாளானிக்கு இந்தப் போட்டோ ஏத்தலன்னா நாலு பேரும் கட்டணும். சித்தப்பா பசங்க என் வூட்டாண்ட வந்து கேப்பானுங்க. லோன்காரன் ஒரு பக்கம். நான் எங்க போவேன், சொல்லு." குரல் உயரவில்லை. புல்லைக் காலால் நிமிண்டிக்கொண்டே சொன்னான். "பாப்பா சாயந்தரமானா நம்ம வூட்லதான் கீது. இத்தன வருஷத்துல நான் எதனா சொல்லிருக்கேனா?"

சொன்னதில்லை. இன்றுதான் சொன்னான். சொன்னது அவன் காதிலும் விழுந்துவிட்டது, பார்வையைத் திருப்பிக்கொண்டான். இசைவாணி யோசித்தாள். பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடும். ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும், பஸ் வீடு சேர ஆறேகால். இரண்டேகால் மணி நேரம். பன்னிரண்டு வயதுப் பெண், பூட்டிய வீட்டில் தனியாக. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளைக் கேட்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்வாள், ஒரு வாரத்துக்கு. அதற்குப் பிறகு தெரியாது. அண்ணி என்ன நினைப்பாள், தெரியாது. பொங்கலுக்கு அந்த வாசலில் போய் நிற்க முடியுமா, தெரியாது. தெரியாத இவ்வளவு விஷயங்களுக்கு நடுவில் தெரிந்தது ஒன்றே ஒன்றாக, காலடியில், முப்பத்து நான்குக்கு ஐம்பது என்று இருந்தது.

"நின்னா போதும் வாணி," என்றான் பகலவன். "சிரிக்கக்கூட வேணாம். கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம், நான் காட்டறேன் எங்கன்னு."

அவன் விரல் காகிதத்தின் மேல் வந்து நிற்பது போலவே அவளுக்குத் தெரிந்தது. அந்த விரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நகம் ஓரத்தில் பிளந்து.

அவள் நடந்து போய் மண்வெட்டியை வாழையின் மேல், அவனுடைய பங்கில், சாய்த்து வைத்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் புடவையில் துடைத்தாள். அண்ணனிடம் திரும்பி வந்து தோள்பையைத் திறந்து இரண்டு படிவங்களையும் எடுத்தாள். சாகுபடி இல்லை என்று சொல்லும் இரண்டாவதில் அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்றும் எழுதாத முதலாவதை அவன் சட்டைப் பையில், பொரிப் பொட்டலத்தின் பக்கத்தில், கசங்காமல் செருகினாள்.

"நான் பயிர் வெக்கலண்ணா," என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு போட்டோ."

"வேணாம்ணா," என்றாள் இசைவாணி.